டொக்டர் வீட்டுக் கராச்

முருகேசு அண்ணைக்கு அதை அவருடைய மைத்துனி சொன்னாராம். மைத்துனிக்கு நல்லூரடியில் யாரோ சொன்னார்களாம். லண்டனில் ஒரு கலியாண மண்டபத்தில், கையில் வடைத் தட்டோடு நின்றபடி அவர் எனக்குச் சொன்னார்.

“உங்கடை கராச்சிலை ஒரு மீன்காரி குடியிருக்கிறாளாம். ரெலிபோனுக்கு மெழுகுதிரி கொழுத்தி வைச்சுக் கும்பிடுறாளாம். டொக்டர் இருந்த வளவுக்கு வந்த கேட்டைப் பார்.”

“யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்குமெண்டால் நானும் ஒண்டு கொழுத்துவன்,” என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது, எண்ணெய் ஊறிய அந்தக் கராச் நிலமும், அதன் மேல் ஒரு மெழுகுதிரியும்தான் கண்ணுக்குள் நின்றன. நெருப்புப் பற்றினால் யார் அணைப்பார்கள்? அந்த ஒழுங்கையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

அது 1987 வைகாசி.

யாழ்ப்பாணத்தில், நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையில், பலாலி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கை அது. டொக்டர்மார், சட்டம் படித்த அப்புக்காத்துமார், ஓய்வுபெற்ற அதிபர்கள் என்று மதிலை உயர்த்திக் கட்டியவர்களின் ஒழுங்கை. மத்தியானத்தில் மாம்பழம் விழுகிற சத்தம் கேட்கும், அவ்வளவு அமைதி. எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஒவ்வொரு கேற்றிலும் ஆமைப்பூட்டு தொங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கே இருந்தது வேறு மாதிரியான அமைதி.

கராச் என் அப்பாவின் ஒஸ்ரின் காருக்காக வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஆள் இறங்கி நின்று காரின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு நிலத்தில் ஒரு நீளக் குழி. சுவரில் ஒரு தட்டு, தட்டில் இரண்டாவது தொலைபேசி. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் மண்டபத்திலும் கராச்சிலும் ஒன்றாக மணி அடிக்கும். அப்பா சேட்டு போடுவதற்குள் டிறைவர் அடைக்கலநாதன் காரை வெளியே எடுத்திருப்பார்.

அப்பா இறந்தார், கார் விற்கப்பட்டது, அம்மா என்னிடம் லண்டனுக்கு வந்தார். அப்பாவின் தங்கை ஞானாம்பிகை மாமி மட்டும் வீட்டில் மிஞ்சினார். கலியாணம் செய்யாதவர். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெறிச்சோடிப்போன ஒழுங்கையில் தனியே இருக்கப் பயந்து, கம்பஸ் பெடியளுக்கு வாடகைக்கு விடுவோமென்று கராச்சை அறையாக்கினார். பெரிய கதவுகளைக் கழற்றிவிட்டு, கல் அடுக்கிக் கட்டி, ஒற்றைக் கதவும் சின்ன யன்னலும் வைத்தார்கள். மூலையில் அடுப்புக்கு இடம். குழிக்கு மேல் பலகை. எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை. பெடியள் கொஞ்சக் காலம் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இல்லாமற் போனார்கள். எங்கே என்று மாமி கேட்கவில்லை. அப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்தான் றோஸ்.

ஆடியில் இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்தியப் படை வந்து, பாதை திறந்ததும் நான் ஊருக்குப் போனேன். மாமியைக் கூட்டிவருவது என் எண்ணம். மாமியோ றோஸ் வந்த கதையைத்தான் முதலில் சொன்னார்.

“அடைக்கலநாதன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். குருநகர் ஆள், அவன்ரை கோயில் பங்கு. ஷெல் விழுந்து வீடு போச்சுதாம். வாடகை எவ்வளவெண்டு கேக்கேல்லைத் தம்பி. கிணறு எங்கை, கக்கூஸ் எங்கை எண்டும் கேக்கேல்லை. நேரை உள்ளுக்கை போய் ரெலிபோனுக்கு முன்னாலை நிண்டா. ‘இது வேலை செய்யுதோ ரீச்சர்?’ எண்டா. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. ரெலிபோன் கேட்டுக்கொண்டு வாற ஆக்களை நம்பேலுமே?”

றோசுக்கு வேண்டியிருந்தது அந்தத் தொலைபேசிதான். அவர் கணவன் கனிசியஸ் ஒரு விடிகாலையில் வள்ளத்தில் போனவர், திரும்பி வரவில்லை. கடற்படை பிடித்தது என்றார்கள், சுட்டது என்றார்கள். பல மாதம் கழித்து, விடுபட்டு வந்த ஒருவன் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் கனிசியசைக் கண்டதாகச் சொன்னான். முகாமுக்குப் போய்வரும் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார், மனிசன் வெளியில் வந்தால் கதைப்பதற்கு ஒரு நம்பர் தந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். குருநகரில் றோசுக்கு வீடே இல்லை, நம்பருக்கு எங்கே போவது? டொக்டர் வீட்டுக் கராச்சில் ஒரு போன் சும்மா கிடக்கிறது என்று அடைக்கலநாதன் சொன்னார். அப்படித்தான் அந்த நம்பர் சுவாமியாரின் கையோடு தெற்கே போனது.

மாமி மூன்று நிபந்தனை வைத்தார். வளவுக்குள் மீன் வரக்கூடாது. சந்தையிலிருந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மணி அடித்தால் றோஸ் எடுக்கக்கூடாது. லண்டனிலிருந்து எங்கள் அழைப்பாக இருக்கும்; மாமிதான் எடுப்பார். றோசுக்கென்று வந்தால் மண்டபச் சுவரில் தட்டுவார், அப்போது எடுக்கலாம்.

திருநெல்வேலிச் சந்தையில் மீன் விற்று வாழ்கிற ஒருத்தி மீன் தின்னாத வீட்டில் குடியிருந்தார். கூடையைச் சந்தையிலேயே வைத்துவிட்டு வருவார். தேசிக்காய்ப் பாதியால் கை தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வெளுத்திருந்தது.

“ரீச்சரின்ரை மூக்கு நேவிக்காரன்ரை ரேடார் மாதிரித் தம்பி,” என்றார் என்னிடம். “ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் பிடிச்சிடுவா.”

“நீர் கையைக் கழுவும், கதையைக் குறையும்,” என்றார் யன்னலுக்கு அப்பால் மாமி.

முருகேசு அண்ணை சொன்ன மெழுகுதிரியையும் பார்த்தேன். கராச்சில் இருந்தது ஒரே ஒரு தட்டு. அது தொலைபேசித் தட்டு. றோஸ் தன்னோடு கொண்டுவந்த அந்தோனியார் சுரூபத்தை வைக்க வேறு இடமில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்தோனியார், அந்தோனியாருக்கு முன்னால் சிரட்டையில் ஒரு திரி. காணாமற்போனதைத் தேடித் தருபவர் அவர். வாசலில் நின்று பார்ப்பவருக்குத் தொலைபேசியைக் கும்பிடுவது போலத்தான் தெரியும். திரிக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான் பார்த்தேன். நான் பார்ப்பதை றோஸ் பார்த்தார்.

“பயப்பிடாதையுங்கோ, வெளியிலை போகேக்கை நூத்துப் போட்டுத்தான் போறனான்.”

கனிசியசைப் பற்றி அவர் இறந்தகாலத்தில் கதைத்ததில்லை. “அவருக்குப் புளி கூடவேணும்,” “அவர் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் எழும்புவினம்,” என்பார். கனிசியசின் தமையன் சிமியோன், காணாமற்போன அடுத்த மாதமே இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுப்போம் என்றாராம். கடலோடு போனவனுக்குப் பூசை வைக்காமல் விட்டால் ஆத்துமம் அலையும் என்றாராம். றோஸ் மாட்டேன் என்றார். பூசை வைத்தால் கறுப்பு உடுக்க வேண்டும், கறுப்பு உடுத்தால் முடிந்தது. அன்றிலிருந்து சிமியோன் அவரோடு கதைப்பதில்லை.

நான் போய்ச் சில நாள் கழித்து, ஒரு காலை. றோசுக்கு அன்று சந்தை இல்லை. கராச் வாசலில் நின்று நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். முகாம்களில் இருந்தவர்களை விடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் தேங்காய் துருவிக்கொண்டே அதைச் சொன்னார். மணி அடித்தது.

தேங்காய்ப் பாதியை அப்படியே போட்டார். எழுந்து தட்டுக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார், ஆனால் தொடவில்லை. றிசீவருக்கு மேல், அடுப்பில் குளிர்காய்வது போல் கை நின்றது. மணி அறுந்தது. மண்டபத்தில் மாமி எடுத்துவிட்டார். றோஸ் இப்போது சுவரைப் பார்த்தார். சுவர் வெறும் சுவராகவே இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துருவலையில் வந்து இருந்தார்.

“அது எனக்கில்லைத் தம்பி,” என்றார். “உங்களுக்காக்கும்.”

உள்ளே போய் யார் என்று கேட்டேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஆரோ பழைய வருத்தக்காரற்றை ஆக்கள். அண்ணை செத்தது இன்னும் தெரியாது. ஒரு பொம்பிளையின்ரை பேர் சொல்லி, இருக்கிறாவோ எண்டு கேட்டார். அப்பிடி இங்கை ஒருத்தரும் இல்லை எண்டன். ‘இது டொக்டர் வீடுதானே?’ எண்டார். டொக்டர் செத்து ஆறு வருசமாச்சு எண்டு சொல்லி வைச்சிட்டன்.”

அதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. அப்பா இருந்த காலத்தில், வருத்தம் காட்ட வந்தவர்களைத் தேடி இப்படித்தான் கூப்பிடுவார்கள்: எங்கடை பொன்னம்மா வந்தவவோ, எங்கடை செல்லம் இன்னும் அங்கையோ என்று. ‘ஹலோ, டொக்டர்ஸ் ரெசிடென்ஸ்’ என்று ஆங்கிலத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை; மாமி இன்னும் அப்படித்தான் எடுப்பார். கீரை ஆய்ந்து முடிந்தது. நாங்கள் மத்தியானம் சாப்பிட்டோம்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், கேற்றடியில் சைக்கிள் விழுகிற சத்தம். யாரோ கேற்றைப் பிடித்து உலுப்பினார்கள்.

“இராசாத்தி! எடி இராசாத்தி! கதவைத் திற!”

நான் விறாந்தைக்கு வந்தேன். கேற்றில் வியர்த்து விறுவிறுத்து ஒரு பருத்த மனிதர். “அப்பிடி ஒருத்தரும்...” என்று நான் தொடங்கும்போது கராச்சுக்குள்ளிருந்து றோஸ் ஓடிவந்தார். “அத்தான்!” என்றார். அவர்தான் சிமியோன்.

மாமி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். “ஆரை இராசாத்தி எண்டு கூப்பிடுறார்?” என்று கேட்டார். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது.

“என்னைத்தான் ரீச்சர். வீட்டிலை கூப்பிடுற பேர். றோஸ் கோயிலிலை வைச்சது.”

சிமியோன் கேற்றுக்குள் வந்ததும் நிலத்திலேயே குந்தினார். அவர் சொன்னது இதுதான். கனிசியஸ் உயிரோடு இருக்கிறார். விட்டவர்களில் அவரும் ஒருவர். கொழும்பில் ஒரு கோயிலடியிலிருந்து சுவாமியார் தந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவரோடு வந்த பெடியன் ஒருவன் பக்கத்தில் நின்றவன். இன்றைக்குத்தான் குருநகருக்கு வந்து சேர்ந்தான்.

“போனுக்கு அந்தக் கரையிலை ஒரு அம்மா இங்கிலீசிலை கதைச்சவவாம். இராசாத்தி இல்லை, அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டவவாம். டொக்டரும் செத்துப் போனாராம். கனிசியசுக்கு என்ன விளங்கும்? குருநகர் எரிஞ்சது கேள்விப்பட்டிருக்கிறான். நீ சனத்தோடை சனமா வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போட்டாய் எண்டு நினைச்சிட்டான். மன்னாருக்குப் போறன், ராமேஸ்வரத்திலை காம்ப் காம்பாத் தேடுறன் எண்டு பெடியனிட்டைச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டானாம்.”

எங்கோ கிணற்று வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. மாமி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“என்னட்டை றோஸ் எண்டுதானே சொன்னனீர்,” என்றார்.

“ஓம் ரீச்சர். பெரிய வீடு, மரியாதையான ஆக்கள், கோயில் பேரைச் சொல்லுவம் எண்டு நினைச்சன்.” பிறகு றோஸ் மாமியின் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். “அவற்றை குரல் எப்பிடி இருந்தது?”

மாமி நெடுநேரம் யோசித்தார். கணக்கில் பிழை எங்கே என்று தேடுவது போல.

“இருமினவர்,” என்றார். “முதல் இருமிப்போட்டுத்தான் கேட்டவர்.”

றோஸ் தலையாட்டினார். கராச்சுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மாமிதான் சாமியறையில் அழுதார்.

அந்தப் பின்னேரத்தோடு நிபந்தனைகள் எல்லாம் இல்லாமற் போயின. “இனி மணி அடிச்சால் நீர் எடும்,” என்றார் மாமி. “நான் கிட்டவும் வரமாட்டன்.” றோஸ் சந்தையில் நிற்கிற நேரத்தில் மணி அடித்தால் மட்டும் மாமி எடுப்பார். ஆங்கிலம் போய்விட்டது. யார் யாரைக் கேட்டாலும், “ஓம், இருக்கிறா, போனை வையாதையுங்கோ, நில்லுங்கோ,” என்பார். ஒருநாள் மின்சாரக் கந்தோரைக் கேட்டு யாரோ கூப்பிட, மாமி அவரிடமும் ஓம், இருக்கிறா என்றார். அந்த மனிதர் திட்டிவிட்டு வைத்தார். றோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

சிமியோன் அக்கரைக்குப் போகிற வள்ளக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: கனிசியசைக் கண்டால், அதே நம்பர்தான், திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ, அவள் அங்கைதான் இருக்கிறாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். றோஸ் சந்தைக்குப் போவதைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். மாமி வாடகை வாங்குவதை நிறுத்தினார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உலை வைத்தார்கள்.

லண்டனுக்கு வாருங்கள் என்று நான் மாமியிடம் திரும்பவும் கேட்டேன்.

“நான் வந்தால் வீட்டை ஆர் பாக்கிறது? வீடு பூட்டினால் அவள் எங்கை போறது?” என்றார். “அந்த மனிசன் எடுக்கட்டும். அதுக்குப் பிறகு வாறன்.”

நான் புரட்டாதி நடுவில் லண்டனுக்குத் திரும்பினேன். ஐப்பசி பிறக்குமுன்பே சண்டை தொடங்கிவிட்டது. இந்த முறை இந்தியப் படையோடு. கோட்டையிலிருந்தும் பலாலியிலிருந்தும் ஷெல் அடிக்கிறார்கள் என்று பிபிசி சொன்னது. வேலைக்குப் போகாமல் தொலைபேசிக்கு முன்னால் இருந்தேன். எங்கள் நம்பர் விரல்களுக்கு மனப்பாடம். இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை, பிறகு ஒரு காலை சட்டென்று அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தார்கள்.

“ஓம், நான்தான், இராசாத்திதான் கதைக்கிறன்!”

நான் என் பெயரைச் சொன்னேன்.

“தம்பியோ,” என்றார். அந்த ஒரு சொல்லில் ஒரு வீடு இடிந்து விழுந்தது. ஆனாலும் அடுத்த கணம் சமாளித்துக்கொண்டார். சனமெல்லாம் நல்லூர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டதாம். சிமியோன் வந்து கூப்பிட்டாராம். “ரீச்சரைப் போகச் சொன்னன். நீர் வராமல் நான் போகமாட்டன் எண்டு பிடிவாதம். பலகையைக் கிளப்பிப்போட்டு ரெண்டு பேரும் குழிக்கைதான் இருக்கிறம். ரெலிபோன் வயர் எட்டுது தம்பி, உள்ளுக்கை இறக்கி வைச்சிருக்கிறன். அந்தோனியாரும் எங்களோடைதான்.”

“நீங்கள் ரெண்டு பேரும் உடனை கோயிலுக்குப் போங்கோ,” என்று கத்தினேன். “போன் பிறகும் வரும். உயிர் பிறகு வராது.”

“அவர் ஒருக்கா எடுத்து, ‘இல்லை’ எண்ட மறுமொழி கேட்டவர்,” என்றார் றோஸ். “ரெண்டாந்தரமும் கேக்கப்படாது.”

பின்னால் பெரிய அதிர்வு ஒன்று. பிறகு மாமியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல: “ஆர், தம்பியோ? சொல்லும் அவனுக்கு, போனை வைக்கச் சொல்லும். அவன் கதைச்சுக்கொண்டிருந்தால் அந்த மனிசனுக்கு லைன் கிடையாது.”

வைத்தேன்.

அதற்குப் பிறகு பல நாள் ஒன்றுமில்லை. ஆமி பலாலி வீதியால் இறங்கி நல்லூர்ப் பக்கம் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் சில வீடுகள் விழுந்ததாக முருகேசு அண்ணை கேள்விப்பட்டாராம். எவை என்று அவருக்குத் தெரியாது, அவருக்குச் சொன்னவருக்கும் தெரியாது. “கராச்சிலை இருந்த மீன்காரி...” என்று எதையோ தொடங்கினார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இன்று காலை திரும்பவும் நம்பரைச் சுழற்றினேன். செத்த லைனின் இரைச்சல்தான் வருமென்று நினைத்தேன். இல்லை, மணி அடிக்கிறது. இங்கே கேட்கிற மணி உண்மையில் அங்கே அடிக்கிறதா, இடையில் எங்காவது ஒரு எக்ஸ்சேஞ்ச் எனக்காக அடித்துக் காட்டுகிறதா, தெரியவில்லை. அடிக்கிறதென்றால் இரண்டு மணியும் அடிக்க வேண்டும், மண்டபத்திலும் குழிக்குள்ளும். முதல் மணியிலேயே எடுக்கிற கை இன்னும் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார்கள். சிமியோன் வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். குழிக்குள் வைத்திருந்த தண்ணீர் தீர்ந்து கிணற்றடிக்கு வந்திருப்பார்கள்; மணி கேட்டு இப்போது ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

ராமேஸ்வரத்தில் ஒரு மனிதர், ஏதோ ஒரு கடையில், இதே நேரத்தில் இதே நம்பரைச் சுழற்றிக்கொண்டிருக்கலாம். நான் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அவருக்குக் கிடைக்காது. மாமி சொன்னது சரி, வைக்க வேண்டும். இன்னும் ஒரு மணி அடிக்கட்டும், வைத்துவிடுகிறேன்.

அடிக்கிறது.